இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி

ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், ஒரு ஃபாரம் ஓடி முடிந்ததும் கம்பாசிட்டர் அதைப் பிரித்து எழுத்துகளைத் திரும்பவும் கேஸில் போட்டுவிடுவார். அச்சகத்தில் எழுத்து அளவாகத்தான் இருக்கும். அடுத்த பதினாறு பக்கத்துக்கும் அதே எழுத்துதான் வேண்டும். ஒரு புத்தகம் மறுபதிப்புக்கு வந்தால் அச்சான பிரதியை எதிரில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கோப்பார்கள். அன்றைக்கு ஒரு நூலுக்குப் பாதுகாப்பு, அச்சாகி வெளியே போன ஆயிரம் பிரதிகள். ஒரு வீட்டில் கரையான் அரித்தாலும் இன்னொரு வீட்டு அலமாரியில் ஒன்று இருக்கும்.

கணினி வந்ததும் அந்த நிலைமை போய்விட்டது. ஒரு புலவர் பத்து வருடம் உழைத்துத் தொகுத்த அகராதி, மூன்று முறை மெய்ப்புப் பார்த்துத் திருத்திய பிறகும், அச்சுக்குப் போகிறவரை ஒரே ஒரு பெட்டிக்குள், உள்ளங்கை அகலத் தகடு ஒன்றில் மட்டும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த டிடிபி சென்டரில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி சொன்னார்: “அடிக்கிறதை யார் வேணா அடிக்கலாம்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெச்சுட்டுப் போறவங்கதான் எனக்கு வேணும்.” அன்றிலிருந்து இன்றுவரை புத்தக வடிவமைப்புதான் என் பிழைப்பு. செய்த வேலையை ஹார்டு டிஸ்க்கிடமிருந்து காப்பாற்றி வைக்கும் வழக்கத்துக்கு எங்கள் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கூடவே இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

ஹார்டு டிஸ்க் பிறந்தது 1956இல். அந்த வருடம் செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியை அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் வேலை செய்த குழு அதற்காகச் செய்ததுதான் முதல் ஹார்டு டிஸ்க். இரண்டடி அகலத் தகடுகள் 50, ஒரே தண்டில் சுழலும். எடை ஏறக்குறைய ஒரு டன். அத்தனைக்கும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். 1973இல் அதே நிறுவனம் வின்செஸ்டர் என்று பெயர் பெற்ற வகையைக் கொண்டுவந்தது. தகடும் அதைப் படிக்கும் தலையும் தூசி புகாத ஒரே கூட்டுக்குள் அடைந்தன. 1980இல் சீகேட் நிறுவனம் அதைச் சின்னதாக்கி, சின்னக் கணினிக்குள் மாட்டும் அளவில் விற்றது. 5 எம்பி கொள்ளும் அந்த டிஸ்க்கின் விலை 1500 டாலர்.

இந்த வளர்ச்சி முழுவதிலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு. ஓடும்போது தலை தகட்டைத் தொடுவதில்லை. தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும்போது எழும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதந்துகொண்டே படிக்கும், எழுதும். இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நெருக்கமாக எழுதலாம்; கொள்ளளவு கூடும். இன்றைய டிஸ்க்குகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். சிகரெட் புகையின் ஒரு துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசை இடிபட்டாலோ, தாங்கி தேய்ந்தாலோ தலை தகட்டில் உரசும். உரசிய இடத்தில் காந்தப் பூச்சு தூளாகப் பறக்கும். அந்தத் தூள் அடுத்த உரசலுக்கு வழி செய்யும். கொள்ளளவு வேண்டும் என்று நாம் கேட்டபோதெல்லாம், டிஸ்க் சாவதற்கான வழியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

செய்தவர்களுக்கு இது தெரியும். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. 1983 மார்ச்சில் 10 எம்பி டிஸ்க்கோடு எக்ஸ்டி என்ற மாடல் வந்தது. அதோடு வந்த இயக்குதளமான டாஸ் 2.0இல் பேக்கப், ரீஸ்டோர் என்று இரண்டு கட்டளைகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த நாள் பிளாப்பி ஒன்றில் 360 கேபி கொள்ளும். 10 எம்பி நிறைந்துவிட்டால் நகல் எடுக்கக் கிட்டத்தட்ட 30 பிளாப்பி வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டு, எடுத்து, எண் எழுதி அடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபாஸ்ட்பேக் போன்ற மென்பொருள்கள் நன்றாக விற்றதற்கு இந்த அலுப்புதான் காரணம். வேகமாக எழுதும், சுருக்கி எழுதும், பிளாப்பி எண்ணிக்கை குறையும்.

பேக்கப் கட்டளையில் இருந்த பெரிய வம்பு வேறு. எடுத்த நகலை நேரடியாகத் திறந்து பார்க்க முடியாது; ரீஸ்டோர் மூலம்தான் மீட்க வேண்டும். புதிய டாஸ் பதிப்பில் எடுத்த நகலைப் பழைய பதிப்பின் ரீஸ்டோர் படிக்காது. 1993இல் வந்த டாஸ் 6 பழைய பேக்கப்பையே கைவிட்டுவிட்டு, நார்ட்டன் பேக்கப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய நிரல் ஒன்றைக் கொடுத்தது. பழைய நகல்களுக்காக ரீஸ்டோரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நகல் எடுப்பது ஒரு வேலை, அந்த நகலிலிருந்து மீட்பது தனி வேலை என்பதை எங்கள் தலைமுறைக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதுதான்.

எங்கள் சென்டரில் 386 இயந்திரம். 40 எம்பி ஹார்டு டிஸ்க். பேக்கப் கட்டளையை முதலாளி தொடவே மாட்டார். ஏஆர்ஜே என்ற சுருக்கு நிரல்தான் எங்களுக்குக் கதி. ஒரு புத்தகத்தின் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துச் சுருக்கி, பிளாப்பி அளவுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும். மாலை ஐந்தரைக்குப் பிறகு அந்த வேலை தொடங்கும். பிளாப்பி டிரைவின் நாதாங்கியைத் திருப்பி மூடினால் உள்ளே தலை கரகரவென்று நகரும் சத்தம் கேட்கும். சத்தம் ஒரே சீராக வந்தால் நல்லது. ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப உறுமினால் அந்த பிளாப்பியில் அந்த இடம் கெட்டிருக்கிறது என்று பொருள். கடைசியில் அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று திரையில் கேள்வி வரும். அந்த பிளாப்பியை வெளியே எடுத்து, உறையைக் கத்தரித்துவிடச் சொல்வார் முதலாளி. குப்பைக் கூடையில் போட்டால் யாராவது எடுத்துத் திரும்பவும் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

சென்னையின் ஈரக்காற்றில் பிளாப்பியின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதை அப்படியே டிரைவில் போட்டால் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல பிளாப்பியையும் கெடுக்கும். அதனால் பிளாப்பிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று எப்போதும் கிடக்கும். ஸ்டெபிலைசர் பக்கம் பெட்டியைக் கொண்டுபோகக் கூடாது. மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றி எழுதுவோம். பெரிய கணினி மையங்களில் நாடாக்களைத் தாத்தா, அப்பா, பிள்ளை என்று சுழற்றும் முறையை முதலாளி எங்கோ பார்த்துவிட்டு வந்து எங்களுக்குப் பழக்கினார். இன்று எழுதியது கெட்டிருந்தால் நேற்றையது, அதுவும் கெட்டிருந்தால் அதற்கு முந்தையது. அன்று எழுதிய பெட்டி அவருடைய டிவிஎஸ் 50இன் முன்பக்கத்தில் மாட்டிய பையில் வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் காலை வேறொரு பெட்டி வரும். அவர் காய்ச்சலில் படுத்த வாரத்திலும் மகன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

வருடத்தில் ஒரு நாள் முழு நகல் எடுப்போம். அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் இயந்திரங்களைத் துடைத்து, கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து ஓய்வு கொடுப்போம். அதற்கு முன் அந்த வருடம் முடித்த புத்தகங்கள் அத்தனையும் இரண்டு பிரதியாக பிளாப்பிக்குப் போயிருக்க வேண்டும். பல டிடிபி சென்டர்களில் இந்த வழக்கம் இருந்தது. கணினி நிற்கிற நாள் அது ஒன்றுதான்; காரியத்துக்கு ஏற்ற நாளாகத்தான் அமைத்துக்கொண்டார்கள்.

இனி எங்கள் தமிழ் வேலைக்கே உரிய சங்கடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஒரு கோப்பைக் காப்பாற்றினால் நூலைக் காப்பாற்றிய மாதிரி. தமிழில் அப்படி இல்லை. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும் அது எங்கள் மேசைக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. அதுவரை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறிமுறை வைத்திருந்தது. ஒன்றில் ‘க’ இருக்கும் எண்ணில் இன்னொன்றில் ‘ணை’ இருக்கும். கோப்பு பத்திரமாக இருந்தாலும் அது எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டதோ அந்த எழுத்துரு இயந்திரத்தில் இல்லையென்றால், திரையில் ஆங்கில எழுத்தும் தலையில் புள்ளியும் கோடும் போட்ட பிரெஞ்சு எழுத்தும் கலந்து கிடக்கும். திருக்குறள் உரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பின் பெயரைப் பார்த்துத்தான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றார்கள். நல்ல முயற்சி. ஆனால் அதற்குள் பத்து வருடத்துக் கோப்புகள் பழைய எழுத்துருக்களில் குவிந்துவிட்டன. பதிப்பகங்கள் கையில் இருந்த எழுத்துருவை அவ்வளவு சுலபமாக விடவில்லை. போதாததற்குச் சில தமிழ் மென்பொருள்களுக்குப் பூட்டு வேறு உண்டு. பிரிண்டர் ஒயர் மாட்டும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு டாங்கிளைச் செருகினால்தான் நிரல் ஓடும். அது தொலைந்துபோனாலோ கெட்டாலோ, கோப்பு, எழுத்துரு, மென்பொருள் மூன்றும் இருந்தும் வேலை நடக்காது.

அதனால் எங்கள் முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் நகலோடும் அது அடிக்கப்பட்ட எழுத்துருக் கோப்புகள் சேர்ந்தே போக வேண்டும். பிளாப்பி உறைமேல் ஒட்டும் சீட்டில் புத்தகத்தின் பெயர், எழுத்துருவின் பெயர், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் பதிப்பு எண், தேதி நான்கும் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். ஒட்டிய பிறகு பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளே தகட்டில் பள்ளம் விழும் என்பதால் எழுதிய பிறகுதான் ஒட்டுவோம். நான் பார்த்த அளவில், தொண்ணூறுகளின் தமிழ்க் கோப்புகளில் இன்றும் திறக்கக்கூடியவை இப்படி எழுத்துருவோடு சேர்த்து வைக்கப்பட்டவைதான்.

அதைவிடவும் நன்றாகத் தாக்குப்பிடித்தது ஒன்று உண்டு. அது டிரேசிங் தாள். லேசர் பிரிண்டரில் பக்கங்களை டிரேசிங் தாளில் கண்ணாடி பார்ப்பதுபோல் திருப்பி அச்சடித்து, அதிலிருந்து ஆஃப்செட் தகடு எடுப்பார்கள். அச்சு முடிந்ததும் விவரமுள்ள பதிப்பாளர்கள் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டுபோய்ச் சுருட்டாமல், மடிக்காமல், பழைய கேலண்டர் அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிப் பரணில் போட்டார்கள். ஹார்டு டிஸ்க் செத்தபோது, பிளாப்பி பூத்தபோது, எழுத்துரு தொலைந்தபோது அந்தக் கட்டுதான் மறுபதிப்பைக் காப்பாற்றியது. இன்றைக்கும் அப்படி ஒரு கட்டு என்னிடம் வந்தால் ஸ்கேன் செய்து பக்கம் பக்கமாகத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறேன். எழுத்தின் ஓரம் கொஞ்சம் தடித்திருக்கும். நூல் முழுசாக இருக்கும்.

நடுவில் வந்த கருவிகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1995இல் அயோமெகா நிறுவனத்தின் ஜிப் டிரைவ் விற்பனைக்கு வந்தது. 100 எம்பி வட்டு. விளம்பரப்பட வேலை செய்கிற இடங்களில் அது இருக்கும். எங்கள் சந்துக்கு அது விலை அதிகம். கொஞ்ச நாளில் அந்த டிரைவுகள் டிக் டிக்கென்று சத்தம் போட்டு வட்டையும் கெடுத்ததால், 1998இல் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. பிறகு வந்தது சிடி. 650 எம்பி! நூறு புத்தகம் ஒரே வட்டில். எங்கள் தொழிலில் நகல் எடுக்கும் வழக்கத்தைத் தளர்த்தியதே இந்த சிடிதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை எழுதிவிட்டால் நிரந்தரம் என்று எல்லோரும் நம்பினார்கள். எழுதும் சிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயில் பட்டால் மங்கும். அதன்மேல் இருக்கும் வெள்ளிப் பூச்சுக்குப் பாதுகாப்பு, பெயர் எழுதும் பக்கத்தில் இருக்கும் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். ஜனங்கள் பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கத்தைக் கீறவிட்டார்கள். உறையில்லாமல் குச்சியில் கோத்து ஜன்னலோரம் வைத்த மலிவு சிடிகளில் சில வருடங்களிலேயே பூச்சு உரிந்தது.

1999 ஏப்ரல் 26ஐ அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செர்னோபில் வைரஸ் என்று பெயர் பெற்ற சிஐஎச், அன்று இயந்திரத்தைத் திறந்தவர்களின் ஹார்டு டிஸ்க்கின் முதல் 1 எம்பியை வெறும் சுழியங்களால் நிரப்பியது. தைவானில் ஒரு கல்லூரி மாணவர் எழுதியது அது. கொரியா, துருக்கி தொடங்கி நம் ஊர்வரை இயந்திரங்கள் விழுந்தன. டிஸ்க்கில் பாக்கி இடமெல்லாம் அப்படியே இருந்தாலும், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அந்த முதல் 1 எம்பிக்குள் இருந்ததால் கணினிக்கு எதுவும் தெரியாது. மீட்புத் தொழில் என்று ஒன்று நம் ஊரில் காலூன்றியது அந்த நாளுக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ரேடியோ உதிரி பாகம் விற்ற கடைகளுக்கு நடுவே கணினிக் கடைகள் பெருகியிருந்த நேரம். “டேட்டா ரெகவரி” என்று கையால் எழுதிய அட்டைகள் படிக்கட்டுகளில் தொங்கத் தொடங்கின.

அதே காலத்தில் அசெம்பிள் செய்து கொடுப்பவர்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஹார்டு டிஸ்க்கைச் சி, டி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். விண்டோஸையும் மென்பொருள்களையும் சியில் போட்டு, அதன் முழு உருவத்தை கோஸ்ட் என்ற நிரலால் ஒரே கோப்பாக்கி டியில் வைப்பார்கள். வைரஸ் வந்து விண்டோஸ் கெட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். சர்வீஸுக்கு வருகிறவருக்கு அது பெரிய வசதி. ஆனால் கணினி வைத்திருந்தவர்கள் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். “டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கேன், பயமில்லை” என்று பேராசிரியர்கள்கூட என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சியும் டியும் ஒரே தகட்டின் இரண்டு பகுதி. ஒரே மோட்டார், ஒரே தலைக்கூட்டம். நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியையும் அதே கொத்தில் கோத்து வைப்பதற்குச் சமானம் இது. தமிழ்நாட்டில் எத்தனை ஆய்வேடுகள் இந்த டி டிரைவில் புதைந்தன என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்படிப்பட்ட ஒரு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓர் எழுத்தாளரோடு ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். மாடியில் ஒரு சின்ன அறை. மீட்பு வேலை செய்யும் பையன் மின்சாரம் கொடுத்து, காதருகே வைத்துக் கேட்டான். உள்ளே தலை எழுந்து, தேடி, கிடைக்காமல், இருந்த இடத்துக்கே திரும்பி இடிக்கும் டக், டக், டக் சத்தம். “போர்டு போயிருந்தா இதே மாடல்ல ஒண்ணு வாங்கி போர்டை மாத்திப் பாக்கலாம் அக்கா. இது தலை. இனி கரண்டு குடுக்கக் கூடாது” என்றான். வேறொருவர் கொண்டுவந்து கைவிட்டுப்போன டிஸ்க் ஒன்று திறந்தபடி மேசையில் இருந்தது. அதை எங்களிடம் காட்டினான். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய தகட்டில், நடுவிலிருந்து விரல் அகலத் தள்ளி, இசைத்தட்டின் கோடுபோல வட்டமாக ஒரு தடம். அந்தத் தடத்தில் பூச்சு இல்லை. அடியில் இருக்கும் அலுமினியம் தெரிந்தது. ஓரத்துக் காற்று வடிகட்டியில் கரும்பொடி படிந்திருந்தது. “இந்தப் பொடிதான் அக்கா டேட்டா” என்றான். எழுத்தாளர் ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய டிஸ்க்கில் பாதி மீண்டது, அதுவும் பெரிய செலவில்.

சாகப்போகும் டிஸ்க் முன்கூட்டிச் சொல்லும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு டிஸ்க்குகளுக்குள் இருக்கிறது. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் கொடுக்காமலே செத்திருந்தன. வெப்பம்தான் எமன் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நினைத்த அளவுக்கு அதற்குத் தொடர்பு இல்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. சத்தம் வரட்டும், பிறகு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இதைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

நகல் இருக்கிறது என்ற நினைப்பே ஆபத்தாவதும் உண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் அது பல நாளாகச் சரியாக எழுதப்படவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. போர்வை சுற்றிக் காரில் வைத்து அந்தக் கணினியைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது வேறொரு வீட்டில் இருந்த பிரதி. எங்கள் முதலாளியின் டிவிஎஸ் 50 பை செய்ததும் அதே வேலைதான். பிற்பாடு பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதை 3-2-1 என்று விதியாக்கினார்: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில்.

அந்தக் கடைசி எண்ணின் அருமையைச் சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்தில் அறிந்தது. அதற்குள் எல்லோரும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கியிருந்தார்கள். 1 டிபி கையடக்கப் பெட்டி. கணினி மேசைக்கு அடியில், எக்ஸ்டர்னல் டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில். அடையாறு கரை மீறிய இரவில் ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் தரைத்தளத்தில் இருந்த அலுவலகங்களில் இரண்டும் ஒரே தண்ணீரில் ஒன்றாக மூழ்கின. ஹார்டு டிஸ்க் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஊசித்துளை ஒன்று இருக்கும். அதன் வழியாகச் சேற்று நீர் உள்ளே போகும். பதறிப்போய் வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்தவர்களின் டிஸ்க்குகளில், காய்ந்த மண் தலையையும் தகட்டையும் ஒருசேரத் தின்றது. ஈரத்தோடு ஒரு பையில் போட்டு மீட்புக் கடைக்குக் கொண்டுபோனவர்களுக்கு ஓரளவு கிடைத்தது. தாம்பரத்தில் தம்பி வீட்டில் ஒரு பிரதி, மதுரையில் மகள் வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் புது இயந்திரம் வாங்கி அடுத்த மாதமே வேலையைத் தொடங்கினார்கள்.

அடுத்து 2017 மே மாதத்தில் வான்னாக்ரை வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த வகை நச்சுநிரல், கணினியோடு எப்போதும் மாட்டியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் எடுத்ததும் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும் என்ற பழக்கம் அதன்பிறகு சிலருக்காவது வந்தது. இப்போது எல்லோரும் மேகக் கணிமையில் இருக்கிறோம் என்கிறார்கள். நல்லதுதான், வேறு ஊரில் ஒரு பிரதி தானாகச் சேர்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இங்கே இருப்பதை அங்கே அப்படியே பிரதிபலிப்பவை. இங்கே அழித்தால் கொஞ்ச நாளில் அங்கேயும் அழிந்துவிடும். ஹார்டு டிஸ்க் இருந்த இடத்துக்கு எஸ்எஸ்டி வந்துவிட்டது. அதில் உரச எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. சாகும்போது பெரும்பாலும் சொல்லாமல் சாகிறது. அழித்த கோப்பின் இடத்தை அதுவே துப்புரவாகச் சுத்தம் செய்துவிடுவதால் ரிச்சி தெருப் பையன்களுக்குத் தோண்டி எடுக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

தமிழில் ஏறக்குறைய 1990 முதல் 2005 வரை கணினியில் கோத்த நூல்களை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். அதற்கு முந்தைய நூல்கள் காகிதத்தில் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். பிந்தையவை யூனிகோடில் இருக்கின்றன. நடுவில் உள்ள பதினைந்து வருடத்துச் சிற்றிதழ்கள், ஆய்வேடுகள், முந்நூறு பிரதி மட்டும் அச்சான கவிதைத் தொகுப்புகள், அச்சுக்கே போகாத அகராதிகள் ஆகியவற்றின் மூலங்கள் பரணில் கிடக்கும் பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. ஓடாமல் கிடந்தாலும் டிஸ்க் கெடும். உள்ளே எண்ணெய் இறுகும், தலை தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பதிப்பாளர்களுக்கும், எழுத்தாளர்களின் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவின் பழைய கணினியை எடைக்குப் போடாதீர்கள். ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கன்வெர்ட்டர் ரிச்சி தெருவில் இன்னும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிஸ்க் ஓடினால், எதையும் திறந்து பார்க்காமல் முதலில் எல்லாவற்றையும் அப்படியே இரண்டு இடத்துக்கு நகல் எடுங்கள். எழுத்துருக் கோப்புறையை மறக்காதீர்கள். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக்கூடிய இன்டிசைன் பதிப்புகளில் கடைசி சிஎஸ் 6. அது வைத்திருக்கும் டிடிபிகாரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்து பிடிஎஃபாகவும் யூனிகோடாகவும் மாற்றி வாங்குங்கள். மாற்றியதை வேறொரு கணினியில் திறந்து பத்துப் பக்கமாவது படித்துப் பாருங்கள். ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். இந்த ஆயுத பூஜைக்குள் முடித்துவிடலாம்.